பொன்னுவேல் ஜீப்பின் பின்கண்ணாடி

மாரமங்கலம் பொன்னுவேலின் ஜீப்பில் முதல் பெயர் தானாக முளைத்தது 2006ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே கால் மணிக்கு. அன்று மிளகு விலை சற்று இறங்கியிருந்தது, மலையில் சாரல். முத்தாயி என்ற பெண்ணை இடுப்புவலியோடு ஏற்றிக்கொண்டு ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஒரு காப்பி எஸ்டேட் மேட்டில், வண்டிக்குள்ளேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. துணைக்கு வந்திருந்த பொன்னுவேலின் மனைவி அத்தாயிதான் பிள்ளையைக் கையில் வாங்கினாள். பொன்னுவேல் கீழே இறங்கி நின்று, எதிரே இருந்த சில்வர் ஓக் மரங்களை ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் தாயையும் பிள்ளையையும் இறக்கிவிட்டுப் பின்கதவைச் சாத்தும்போதுதான் பார்த்தான். கண்ணாடியில் அவன் ஒட்டியிருந்த ‘சேர்வராயன் துணை’க்குக் கீழே, வெள்ளை எழுத்தில், ‘கௌரி’ என்று இருந்தது. முத்தாயியின் வீட்டில் என்ன பெயர் வைப்பது என்று இரண்டு வாரம் சண்டை நடந்தது. கடைசியில் யாரோ கண்ணாடியைக் காட்ட, எல்லோரும் அதையே வைத்தார்கள்.

வண்டியைப் படிப்பது ஏற்காட்டுக்காரர்களுக்குக் கைவந்த கலை. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வரும் கார்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். கண்ணாடி முழுக்கச் சிங்க முகம் ஒட்டியவன், முதல் வளைவிலேயே பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டவனாக இருப்பான். ‘அம்மா அப்பா ஆசி’ என்று எழுதியிருந்தால் அநேகமாக மாமனார் வாங்கிக் கொடுத்த கார். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரையே எழுப்புகிறவனை அவன் வீட்டில் வாய் திறக்க விடமாட்டார்கள். ‘பிரஸ்’ என்று ஒட்டியவனிடம் எந்தப் பத்திரிகை என்று மட்டும் கேட்கக் கூடாது, பாவம். ஏரிக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் ஜோஸ்லின் இதில் எல்லோருக்கும் மேலே. ஆள் வந்து நின்றவுடனே அவன் கேட்கப்போகும் ஸ்டிக்கரை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் பொன்னுவேலின் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றாள். நகத்தால் சுரண்டினாள், சூடு காட்டிப் பார்த்தாள், கடைசியில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இது கடைச் சரக்கு இல்லீங்கண்ணா. மேல ஒட்டுனதே இல்ல. கண்ணாடிக்குள்ள இருந்து வந்திருக்குது” என்றாள். அதற்குப் பிறகு யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

அடுத்த வருடம் இரண்டு பெயர்கள். அதற்கடுத்த வருடம் ஒன்று. மலைக்கு மேலே தார்ச்சாலை வரைக்கும்தான் ஆம்புலன்ஸ் வரும். அதற்கப்பால் காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் வளைந்து போகும் மண் தடத்தில் பொன்னுவேலின் ஜீப்தான். பெரும்பாலும் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தன. அவசரக்காரப் பிள்ளைகள் மட்டும் வழியில் பிறந்து கண்ணாடியில் இடம் பிடித்தன. மழைக்கால மதியம் ஒன்றில் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மரியஅந்தோணியின் மனைவி செல்வமேரிக்குப் பையன் பிறந்தான். அவர்கள் பாதிரியாரோடு கலந்து வேறொரு பெயர் முடிவு செய்து வைத்திருந்தார்கள். கண்ணாடியோ ‘மேக்ஸ்வெல்’ என்றது. மரியஅந்தோணி தயங்கித் தயங்கிப் பாதிரியாரிடம் போய்ச் சொல்ல, அவர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து ஜீப்பைப் பார்த்தார். பிறகு அந்தப் பெயரிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்.

பிறருடைய வண்டியில் அலங்காரம் ஏற ஏற, பொன்னுவேலின் வண்டியில் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டு வந்தது. வாங்கும்போதே மாட்டியிருந்த ஏர் ஹாரன், வலியில் இருப்பவளைத் திடுக்கிட வைக்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டு, ஸ்கூட்டர் ஹாரன் ஒன்றை வைத்தான். அந்தப் பெரிய ஜீப் வளைவில் ‘பீ’ என்று ஈனக்குரலில் கத்துவதைக் கேட்டு டூரிஸ்ட் பையன்கள் சிரிப்பார்கள். ஒரு பக்க பெஞ்சை எடுத்துவிட்டு மெத்தை போட்டான். கூரைக் கம்பியில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு, அந்தக் கயிறு கையை அறுக்காமல் அத்தாயியின் பழைய சேலைச் சுற்று. வெந்நீர் பிளாஸ்க் ஆடாமல் நிற்க ஒரு தகர வளையம். வயிற்றுப் பிள்ளைக்காரி காலைத் தூக்க முடியாது என்று ஒரு சாண் உயரத்தில் தாழ்வான படி. குலுக்கல் குறையட்டும் என்று ஸ்பிரிங் பட்டையில் ஒன்றை உருவியதில், வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே ஓடியது. அந்தச் சாய்வைப் பார்த்தே மலைக்காரர்கள் தூரத்தில் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஊரில் எத்தனையோ பேர் வண்டியை அலங்கரித்திருக்கிறார்கள். இப்படி ஒருவன் தன் வண்டியை அடுத்த வீட்டுப் பெண்களின் வலிக்கேற்ப வளைத்து வைத்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அந்தப் பெயர்கள் அவனுக்கு ஒரு சங்கடத்தைக் கொண்டு வந்தன. பின்கண்ணாடியில் பிள்ளைகள் பெயரை எழுதுகிறவன் அந்தப் பிள்ளைகளைப் பெற்றவன் என்பது ஊருலகத்தில் எழுதாத சட்டம். பொன்னுவேலுக்கும் அத்தாயிக்கும் குழந்தை இல்லை. பார்க்காத வைத்தியம் இல்லை, வேண்டாத சாமி இல்லை. பெட்ரோல் பங்கில் யாராவது கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “என்னங்க, இத்தனையும் உங்க பசங்களா?” என்று கேட்டுச் சிரிக்கும்போது அவன் முகம் சுருங்கிப்போகும். “நம்ம ஊருப் பசங்கங்க” என்று மட்டும் சொல்வான். அடுத்தவர் பிள்ளைக்கு உரிமை கொண்டாடுகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் அவனுக்கு அவ்வளவு கூச்சம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைக் கழுவும்போது கண்ணாடியை மட்டும் தன் துண்டாலேயே துடைப்பான், ஒவ்வொரு பெயராக. அதை அத்தாயி ஜன்னல் வழியே பார்ப்பாள்.

புகழ் பரவினால் தொல்லையும் வரும். கிளியூரிலிருந்து சின்னத்தம்பி என்பவன் தன் மனைவியை அழைத்துக்கொண்டு மாரமங்கலத்துக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கினான். கிளியூருக்கு ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். அதை விட்டு இவ்வளவு தூரம் மேலே வந்து வலிக்காகக் காத்திருந்தது, பிள்ளை ஜீப்பில் பிறந்து கண்ணாடியில் பெயர் வாங்க வேண்டும் என்பதற்காக! வலி வந்த பிறகும், “இன்னும் கொஞ்சம் மெதுவா போங்க” என்றானாம். பொன்னுவேல் வாழ்நாளில் முதல்முறையாக ஒருவரை வாய்க்கு வந்தபடி திட்டியது அன்றைக்குத்தான். “ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா? ஆஸ்பத்திரி பக்கத்துல ஊடு வெச்சுக்கிட்டு, பேருக்காக உசுரை வெச்சா வெளையாடுவீங்க?” என்று கத்திக்கொண்டே வண்டியை விரட்டினான். பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுகமாகப் பிறந்தது. கண்ணாடியில் ஒன்றும் முளைக்கவில்லை. சின்னத்தம்பி இன்றுவரை அதை ஒரு நஷ்டமாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

2015இல், பின்கண்ணாடி மறைந்திருந்தால் வண்டியைப் பிடிப்பார்கள் என்று யாரோ பயமுறுத்த, பொன்னுவேல் ஒரு பிளேடை எடுத்தான். ‘பிரபாகர்’ என்ற பெயரின் கடைசி எழுத்தைச் சுரண்டினான். அது வலிக்காமல் வந்துவிட்டது. அன்று மதியம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகை எடுத்தபோது, பிரபாகர் என்ற இரண்டாம் வகுப்புப் பையன் பக்கத்துப் பையனைப் பார்த்தான். உன் பெயர் என்னடா என்று கேட்டதற்கு வெகுநேரம் யோசித்துவிட்டு, “தெரியலைங்க டீச்சர்” என்றான். மூன்று நாள் அப்படியே இருந்தான். நான்காம் நாள் காலையில் கண்ணாடியில் அந்த எழுத்து மறுபடி வளர்ந்து நின்றது. பையனும் “உள்ளேன் டீச்சர்” என்று கூரை அதிரக் கத்தினான். பொன்னுவேல் பிளேடைக் கிணற்றில் போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பையனின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பையன் கூச்சத்தில் ஓடிவிட்டான்.

இந்த வருடம் தை மாதம் தொல்லை நேராகவே வந்தது. வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். கீழே போக்குவரத்து அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த ஆய்வாளர் அம்மா கறாரானவர். பொய்யான ‘பிரஸ்’ ஸ்டிக்கர்களைத் தன் கையாலேயே உரித்துப் போடுகிறவர். பின்கண்ணாடி எழுத்துகளால் மறைந்திருந்தால் சான்று இல்லை என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். அது நியாயமான சட்டம்தான். அப்போது கண்ணாடியில் நாற்பத்தியொரு பெயர்கள். சுரண்டினால் நாற்பத்தியொரு பிள்ளைகள் தங்களை மறப்பார்கள். சுரண்டாவிட்டால் ஜீப் காயலான் கடைக்குப் போகும். மாரமங்கலம் பக்கத்தில் மட்டும் மூன்று பெண்கள் நிறைமாதம்.

சேதி கேட்டுச் செல்வமேரி கரடியூரிலிருந்து வந்தாள். “எங்க பையன் பேரை எடுத்துக்குங்கண்ணா. மூணு நாளு தடுமாறுவான், அப்பறம் வேற பேரு வெச்சுக்கறோம். வண்டி நிக்கக் கூடாது” என்றாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து தாய்மார்கள் அதையே சொன்னார்கள். பொன்னுவேல் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டான். “ஒருத்தரு பேரையும் தொட மாட்டேன். வண்டி போனா போகட்டும்ங்க, தோள்ல தூக்கிக்கிட்டாச்சும் வரேன்.” சொன்னானே தவிர, இரவு சாப்பாடு இறங்கவில்லை. பதினெட்டு வருடமாகத் தான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்த ஜீப்தான் என்று அவனுக்குத் தெரியும். அது இல்லாமல் தான் யார் என்று அவனுக்கே விளங்கவில்லை.

மறுநாள் காலை அத்தாயியும் கூட வந்தாள். வழக்கம்போல முன்னால் உட்காராமல் பின்னால் மெத்தையில் உட்கார்ந்துகொண்டாள். வழி முழுக்கப் பனி. இருபது வளைவுகளையும் பொன்னுவேல், உள்ளே நிறைமாதக்காரி இருப்பதுபோலவே, அலுங்காமல் இறக்கினான். அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ‘சேர்வராயன் துணை’ மட்டும் மிச்சம். அதன் கீழே ஒரு பெயர்கூட இல்லை.

“போச்சு அத்தாயி, எல்லாம் போச்சு. நாந்தான் போகட்டும்னு சொன்னேன். என் வாயில வந்துச்சே” என்று அழுதான். அத்தாயி அழவில்லை. செல்போனை எடுத்துப் பள்ளிக்கூடத்து டீச்சரைக் கூப்பிட்டாள். “டீச்சருங்களா, ஒரு ஒத்தாசை. நம்ம வண்டில பொறந்த பசங்களை ஒவ்வொருத்தரா பேரு சொல்லிக் கூப்புடுங்க. நொம்ப அவசரம்ங்க.” போனை ஸ்பீக்கரில் போட்டாள். டீக்கடை வாசலில் லாரிக்காரர்கள் எல்லாம் நிற்க, டீச்சர் கூப்பிடக் கூப்பிட ‘உள்ளேன்’, ‘உள்ளேன்’ என்று ஒவ்வொரு குரலாக வந்தது. வளர்ந்து வெளியூர் போனவர்களுக்கும், இன்னும் பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறுசுகளின் வீட்டுக்கும் தனித்தனியாகப் போன் போட்டாள். சேலத்தில் நர்சிங் படிக்கும் கௌரி, “சொல்லுங்க சித்தி, கௌரிதான் பேசறேன்” என்றாள். ஒரு பிள்ளையும் தன்னை மறக்கவில்லை. பெயர்கள் எங்கே போயின என்பது மட்டும் தெரியவில்லை.

ஆய்வாளர் அம்மா கண்ணாடியைப் பார்த்துத் தலையசைத்தார். பிரேக், விளக்கு, ஸ்கூட்டர் ஹாரன் எல்லாம் பார்த்தார். தாழ்வான படியையும் சேலை சுற்றிய கயிற்றையும் கொஞ்ச நேரம் பார்த்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அவரும் பிள்ளை பெற்றவர்தான். பிறகு சின்னச் சுத்தியலோடு பரிசோதனைக் குழிக்குள் இறங்கினார். “நீங்க கொஞ்சம் இறங்கி வாங்க” என்ற குரல் வந்ததும் பொன்னுவேல் இறங்கினான்.

மலைப் பனியும் சாரலும் அந்த ஜீப்பின் அடிச்சட்டத்தை எப்போதோ தின்று முடித்திருந்தன. சேசிஸ் இரண்டு பக்கமும் துரு பிடித்து உதிர்ந்து, பல இடங்களில் இரும்பே இல்லை. சட்டப்படியும் இயற்கைப்படியும் அந்த வண்டி பல வருடங்களுக்கு முன்பே ஏதாவதொரு வளைவில் இரண்டாக முறிந்திருக்க வேண்டும். இரும்பு விட்டுப்போன இடங்களில் பெயர்கள் இருந்தன. கௌரி தொடங்கி நாற்பத்தியொன்றும், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை, ஒன்றின் கடைசி எழுத்து அடுத்ததன் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, வண்டியைத் தாங்கி நின்றன. ஆய்வாளர் சுத்தியலால் ‘மேக்ஸ்வெல்’லைத் தட்டினார். கோயில் மணிபோலக் கணீரென்றது. பிரபாகரைத் தட்டினார். அதுவும் அப்படியே.

“இது யார் செஞ்ச வேலை?” என்று கேட்டார்.

பொன்னுவேல் அண்ணாந்து பார்த்தபடியே நின்றான். கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது, துடைக்கவில்லை. “எங்க பசங்கதானுங்க மேடம்” என்றான். மேலே குழி ஓரத்தில் குனிந்து நின்ற அத்தாயிக்கு அது கேட்டது. அந்த வார்த்தைக்காக அவள் பதினெட்டு வருடம் காத்திருந்தாள்.

ஆய்வாளர் மேலே ஏறி வந்து, கைகளைத் துடைத்துக்கொண்டு, படிவத்தில் சேசிஸ் என்ற இடத்தில் ‘உறுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சான்று ஒரு வருடத்துக்குச் செல்லும். மாசி மாதத்தில் மூன்று பெண்களில் ஒருத்திக்கு வழியிலேயே வலி முற்றிப் பையன் பிறந்தான். பெயர் கண்ணாடிக்கு வரவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான், புதிதாகப் பிள்ளை பெற்ற வீட்டார் ஒரு சாக்குப்பையோடு வருகிறார்கள். ஜீப்புக்கு அடியில் விரித்து, மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பெயரைப் படித்துக்கொண்டு போகிறார்கள். சாக்கு கொண்டுவர மறந்தவர்களுக்கு அத்தாயி வீட்டிலிருந்து ஒன்று கொடுப்பாள்.