முதலில் ரசீது வைத்திருப்பவர்கள்

சுற்றுலாக் கப்பல் நங்கூரம் போட்டு நின்ற இடத்திலிருந்து பார்த்தால், தங்கை வேலை செய்யும் மீன் பதனிடும் ஆலையின் நீலக் கூரை தெரிந்தது. அது தெரிந்ததுதான் அக்காவுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. படகுத்துறையில் ஆழம் போதாதென்று கப்பல் கடலிலேயே நின்றுவிட்டது. கரைக்குப் போக டெண்டர் என்னும் சிறு படகுகள்தான். எண் போட்ட சீட்டை வாங்கிக்கொண்டு, கூப்பிடும்வரை நடன அரங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தங்கையைப் பார்த்துப் பதினோரு வருடம் ஆகிறது. அவளுக்கு விடுப்புத் தர மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். பகல் பன்னிரண்டுக்கு அவள் ஷிப்டு ஏற வேண்டும். இருவருக்கும் இருந்தது இந்தக் காலைப்பொழுது ஒன்றுதான். அதை நம்பித்தான் இந்தக் கப்பலிலேயே சீட்டு எடுத்திருந்தாள் அக்கா.

"நீர்வீழ்ச்சி டூர், வாங்க!" என்று மைக்கில் கூப்பிட்டான் சிப்பந்தி. பிறகு, "கோட்டை டூர், வாங்க!" எல்லாரும் கப்பலிடமே சுற்றுலா ரசீது வாங்கியவர்கள். சொந்தமாகக் கரையிறங்குகிறவர்களின் எண் அவன் வாயிலேயே வரவில்லை.

கரையிலிருந்து தங்கை போனில் கூப்பிட்டாள். "அக்கா, படகு படகா தொப்பி போட்ட டூர்காரங்கதான் இறங்கறாங்க. நீ எங்க?"

"உள்ளேயே உக்கார வெச்சிருக்கானுங்கடி."

"நீ நீந்தி வந்திருந்தாகூட இந்நேரம் தலை துவட்டியிருப்ப."

பக்கத்தில் கணவர் சிரித்தார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஆஸ்பத்திரி கவுண்டர்ல காலமெல்லாம் நீ சொன்னதைத்தானே அவனும் சொல்றான்? உக்காருங்க, கூப்பிடுவோம்னு."

"நான் நோயாளியத்தான் முதல்ல அனுப்பினேன். வேடிக்கை பாக்க வந்தவன இல்ல."

ஜன்னல் வழியே பார்த்தாள். பாதி இருக்கைகள் காலியாக ஒரு படகு கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. விறுவிறுவென்று சிப்பந்தியிடம் போனாள்.

"அதுல இத்தனை இடம் இருக்கே, எங்கள ஏத்தினா என்ன?"

"அது டூர் படகும்மா."

"நான் என்ன ஓசியிலயா வந்திருக்கேன்?"

அவன் சிரித்தான். "அவ்வளவு அவசரம்னா ஒரு டூர் வாங்கிக்குங்க. அடுத்த படகுலயே ஏத்திடறேன்."

ஆக, ஆளுக்கு இல்லாத இடம் ரசீதுக்கு இருந்தது. கணவர் பையில் கைவிட்டார்.

"கைய எடுங்க! என் தங்கச்சியப் பாக்க நான் ஏன் நீர்வீழ்ச்சிக்குக் காசு கட்டணும்?"

பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். கைதட்டியதோடு சரி.

அவர்கள் கரையில் கால் வைத்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. தங்கை ஆலைக்குள் போய்விட்டாள். உள்ளே போனுக்கு அனுமதி இல்லை. நாலு மணிக்கு இடைவேளை என்றார் வாயில் காவலர். கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகோ மூன்றரைக்கு.

"அந்தப் படக விட்டா அவ்வளவுதான்," என்றார் கணவர். "டூர்காரங்களுக்காகத்தான் கப்பல் நிக்கும். நமக்காக நிக்காது."

வேலியோரம் உட்கார்ந்தார்கள். கேட்ட காசை விட்டெறிந்து தொலைத்திருக்கலாமோ என்று அவளுக்கே மனசு அடித்துக்கொண்டது. அதைச் சொல்லிக்காட்டாத அளவுக்குக் கணவர் குடித்தனத்தில் தேறியிருந்தார்.

மூன்று மணிக்கு மேல் எழுந்து படகுத்துறைக்கு நடந்தார்கள். அங்கே அதே சிப்பந்தி, சட்டை நனைய வியர்த்து நின்றான். மலைப்பாதையில் ஒரு லாரி கவிழ்ந்துவிட்டதாம். நீர்வீழ்ச்சிக்குப் போன பேருந்துகள் அதன் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கின்றனவாம்.

"அவங்க வராம கடைசிப் படகு எடுக்க மாட்டோம்மா. நாலரை ஆயிடும்."

"நாங்க வராம இருந்திருந்தா?"

அவன் பட்டியலைப் பிரித்து டூர்காரர்களை எண்ண ஆரம்பித்தான்.

அவள் ஆலைக்கே போக வந்த வழியே திரும்பினாள்.

"நீ போ," என்றார் கணவர், ரயிலுக்குக் கொடி காட்டுகிற தோரணையில் துறையின் நடுவில் நின்றுகொண்டு. "பஸ் தலை தெரிஞ்சதும் நான் போன் பண்றேன்."

நாலு மணிக்கு வாயில் திறந்தது. ரப்பர் பூட்ஸும் தலையில் வலையுமாகத் தங்கை ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"காசக் கட்டித் தொலைச்சிருந்தா காலைலயே வந்திருக்கலாமேக்கா! வீம்பு!"

"வாய மூடு. கிட்ட வா."

"மேலெல்லாம் மீன் நாத்தம்."

"வாடின்னா."

வேலியோரக் கல்லில் ஒட்டி உட்கார்ந்தார்கள். பதினோரு வருடத்தை எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல், முதலில் மேற்பார்வையாளரைத் திட்டினார்கள், அப்புறம் கப்பலை. போன் அடித்தது.

"அத்தானா?"

"ம். பஸ் வந்திருக்கும்."

"அப்ப கிளம்புக்கா, ஓடு!"

அக்கா அசையவில்லை. தங்கையின் ஈரக் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ரசீது இருக்கறவங்கதானே முதல்ல? எல்லாரும் ஏறட்டும்."