நாலு சுத்து

பாக்யராஜுக்கு இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது, எழுந்து நடக்க ஏழெட்டு மாதமாவது ஆகும் என்று டாக்டர் சொன்னபோது, ஸ்டெல்லா “சரிங்க சார்” என்று மட்டும் சொன்னாள். அழப்போகிறாள் என்று நினைத்து நர்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஸ்டெல்லா அதில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. எதிர்ச் சுவரில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று தொங்கியது. அதன் கழுத்து எத்தனை எம்.எம். இருக்கும் என்று அவள் கண் தன்பாட்டுக்கு அளந்துகொண்டிருந்தது.

வில்லியனூரிலிருந்து பத்துக்கண்ணு போகும் சாலையில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவள் ஸ்டெல்லா. ஐடிஐயில் டர்னர் படித்தவள். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் மிஷினில் நின்றுவிட்டு, பழைய லேத்து ஒன்றை வாங்கித் தனியாகப் பட்டறை போட்டாள். போர் மோட்டாருக்கு புஷ், டிராக்டருக்கு பின், கரும்பு ஜூஸ் மிஷினுக்கு உருளை என்று எது வந்தாலும் கடைந்து கொடுப்பாள். அந்தக் கம்பெனியில் ஸ்டாஃப் பஸ் ஓட்டியவன்தான் பாக்யராஜ். காதல் கல்யாணம். பழகின நாளிலிருந்தே இருவருக்கும் நீ, வா, போ என்றுதான் பேச்சு.

பாக்யராஜுக்கு ஒரே ஒரு பைத்தியம். பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் பாதுகாப்புக் கூண்டு கட்டியிருந்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு சென்னைப் பக்கத்து ரேஸ் ட்ராக்குக்குப் போய்விடுவான். வாரம் முழுக்க ஸ்பீடு பிரேக்கர் பார்த்துப் பார்த்து பஸ் ஓட்டுகிறவன், அந்த ஒரு நாளைப் பற்றி அடுத்த ஞாயிறு வரை பேசுவான்.

கோடையில் அந்தக் காருக்கு அகலமான டயர் வாங்கிப் போட்டான். முன்பக்கம் மாட்டிப் பார்த்தால் டயரின் உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் உரசியது. சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளினால் சரியாகிவிடும். அச்சு முனையில் இருக்கும் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கும் வட்டத் தகட்டுக்கு ஸ்பேசர் என்று பெயர். பத்து எம்.எம். கனத்தில் ஒரு ஜோடி கடைந்து கொடு என்று ஸ்டெல்லாவைக் கேட்டான். அவளும் நல்ல அலுமினியமாகத் தேடி எடுத்து, ஹப்பின் நடுமேட்டில் முடியளவு ஆட்டம்கூட இல்லாமல் உட்காரும்படி கடைந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பட்டறை வாசலில் காரை நிறுத்தி மாட்டிப் பார்த்தார்கள். ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டு என்ற மரைக்கம்பியில் நட்டைக் கையால் முடுக்கிய ஸ்டெல்லா பாதியிலேயே நிறுத்தினாள்.

“எப்பவும் பன்னண்டு சுத்து உள்ள போவும். இப்ப நாலு சுத்துலயே நின்னுடுச்சு பாரு.”

“டைட்டாதான இருக்கு?”

“டைட்டா இருக்கறது வேற, புடிக்கறது வேற. ஸ்டட்டு எவ்ளோ மொத்தமோ அவ்ளோ தூரமாவது மரை மாட்டணும். நீளமான ஸ்டட்டு வாங்கி அடிக்காம இத்த போட்டு ஓட்டக்கூடாது.”

“நாளைக்கு பேரு குடுத்துட்டனே டி.”

“பழைய டயர்லயே ஓட்டு. ஸ்டட்டு வரட்டும், அப்புறமா நானே மாட்டித் தரேன்.”

“சரி” என்றான். அவளே இரண்டு ஸ்பேசரையும் கழற்றி மேசையில் வைத்தாள். பழைய சக்கரங்களை மாட்டி நட்டுகளை இறுக்கினாள்.

ஞாயிறு விடிகிற நேரத்தில் அவன் கிளம்பிப் போனான். சர்ச்சில் பூசை முடிந்து வந்தவள் ஏதோ ஒரு வேலையாகப் பட்டறையைத் திறந்தாள். மேசையில் ஸ்பேசர்கள் இல்லை, மூலையில் அகல டயர்களும் இல்லை. போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது.

ட்ராக்கில் ஐந்தாவது சுற்றில், நேர்ப்பாதை முடிந்து திரும்பும் இடத்தில், வலது முன் சக்கரம் கழன்றுவிட்டது. யாரோ எடுத்த வீடியோவை அவளுக்கும் அனுப்பினார்கள். சக்கரம் மட்டும் தனியாகப் புல்லில் துள்ளித் துள்ளி ஓடுகிறது. கார் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதுகிறது. அதை அவள் ஒரு முறை பார்த்தாள். வேறு யாரோ ஒருவருடைய காரைப் பார்ப்பது போலிருந்தது.

நாலாம் நாள் லாரியில் காரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கினார்கள். ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள். ஸ்பேசர் முழுசாக இருந்தது, ஒரு கீறல் இல்லை. ஸ்டட்டுகள் நான்கும் நேராகத்தான் நின்றன. ஆனால் ஒவ்வொன்றின் நுனியிலும் நாலு சுத்து மரை மழுங்கி வழவழவென்று ஆகியிருந்தது. அதை விரலால் தடவினாள். கோபமாவது வரும் என்று எதிர்பார்த்தாள். விரலில் கிரீஸ் ஒட்டியதுதான் மிச்சம்.

அதற்குள் ஊரில் வேறு கதை நடமாட ஆரம்பித்திருந்தது. அரியாங்குப்பத்து ஆண்டனி பாக்யராஜோடு சேர்ந்து ட்ராக்கில் கார் ஓட்டுகிறவன். அவன்தான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறான், பெண்டாட்டி கடைந்து கொடுத்த ஸ்பேசர் தாங்கவில்லை, அதனால்தான் சக்கரம் போனது என்று. பாகூர் டிராக்டர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வேலை வருவது நின்றது. கரியமாணிக்கத்திலிருந்து பச்சையப்பன் வந்தார். கரும்பு போட்டிருப்பவர், மோட்டார் வேலை எல்லாவற்றுக்கும் இங்கேதான் வருவார். கடையக் கொடுத்து இன்னும் வேலை தொடங்காத தன் ஷாஃப்ட்டைத் திருப்பிக் கேட்டார்.

“என்னமோ சொல்றாங்கம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணி பாய்ச்சற நேரம், மோட்டாரு நின்னுச்சுன்னா கஷ்டம்.”

“எடுத்துட்டுப் போங்க அண்ணே” என்றாள். சணல் சாக்கில் சுற்றிக் கொடுத்து, வண்டியில் ஏற்றவும் ஒரு கை பிடித்தாள்.

பாக்யராஜ் வீட்டுக்கு வந்த வாரத்தில் ஆண்டனி பார்க்க வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் மாமியார் காசம்மாள் உட்கார்ந்து மகனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“கம்பெனி ஐட்டமா வாங்கிப் போட்டிருக்கலாம் அண்ணி” என்றான் ஆண்டனி. “தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம ஊரு லேத்துல கடையற பொருளு அந்த ஸ்பீடுக்கு நிக்காது.”

காசம்மாள் கரண்டியை நிறுத்திவிட்டு மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். ஸ்டெல்லா பாக்யராஜைப் பார்த்தாள். அவன் சொல்ல வேண்டியது ஒரே வரிதான். அவள் போடாதே என்றாள், நான்தான் கேட்கவில்லை. அவன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா காத்திருந்தாள். பிறகு ஆண்டனிக்கு டீ போட உள்ளே போனாள்.

மறுநாள் அவனுக்கு உடம்பு துடைத்துவிடும்போது கேட்டாள்.

“ஏன் சொல்லல?”

“பஸ் வேலையும் போச்சு. நல்லா ஓட்டுவான்னு ஒரு பேரு இருக்குது. நாலு சுத்துல மாட்டிகினு போனான்னு தெரிஞ்சா அதுவும் போயிடும்.”

“என் பேரு?”

ஸ்டெல்லா துண்டைப் பிழிந்து முதுகைத் துடைத்தாள், புண் வராமல் இருக்கப் பவுடர் போட்டாள், சட்டையை மாட்டிவிட்டாள். கை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தது. இவன்மேல் கோபப்பட வேண்டும் என்பது, செய்யாமல் விட்ட ஒரு வீட்டு வேலை மாதிரி ஞாபகத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

ஐப்பசி மழை பிடித்தது. பட்டறையைத் தினமும் திறந்தாள். சில நாள் ஒருத்தரும் வரமாட்டார்கள். மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு வருவாள்.

ஒரு நாள் மதியம் சாப்பிட வந்தபோது அறைக்குள் பாக்யராஜ் போனில் பேசிக்கொண்டிருந்தான். கூட ஓட்டுகிறவர்களின் குரூப்புக்கு அனுப்பும் குரல் செய்தி என்று புரிந்தது.

“ஸ்பேசர்ல ஒண்ணும் இல்லடா. அது இன்னும் அப்டியே கீது. ஸ்டட்டு பத்தாது, போடாதன்னு ஸ்டெல்லா சொல்லி, கழட்டியே வெச்சிட்டா. நான்தான் அவளுக்குத் தெரியாம எடுத்துகினு போய் அங்க மாட்டினேன். தப்பு என்மேலதான்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “எல்லாருக்கும் சொல்லுங்க” என்றான்.

ஸ்டெல்லா கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். இப்போதாவது உள்ளே ஏதாவது அசையும் என்று நின்று பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. குழம்பைச் சூடு பண்ணப் போனாள்.

அடுத்த வாரம் ஆண்டனி தன் காரோடு பட்டறைக்கு வந்தான். இறங்கியும் இறங்காமலும் நின்றான்.

“மனசுல வெச்சிக்காதீங்க அண்ணி.”

“மனசுல ஒண்ணும் இல்ல தம்பி” என்றாள். அது உண்மைதான்.

“நானும் முன்னாடி ரெண்டு ஸ்பேசர் போட்டுருக்கேன். கம்பெனிதுதான். ஒரு தபா பாத்துடறீங்களா?”

ஜாக்கி வைத்துத் தூக்கினாள். ஒரு நட்டை லூசாக்கிவிட்டு, கையால் கழற்றிக்கொண்டே எண்ணினாள். ஐந்தாவது சுத்தில் நட்டு கையோடு வந்துவிட்டது. அதை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“கம்பெனி பொருளு நல்லாத்தான் இருக்குது. ஸ்டட்டு பத்தல.”

ஆண்டனி நட்டையும் ஸ்டட்டையும் மாறி மாறிப் பார்த்தான். “போன மாசம் இதுலதான் எட்டு ரவுண்டு ஓட்டினேன்” என்றான். ஸ்டெல்லா இரண்டு ஸ்பேசரையும் கழற்றி ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். பழையபடி சக்கரத்தை மாட்டி, ஒவ்வொரு நட்டையும் குறுக்கு வரிசையில் இறுக்கினாள். நீள ஸ்டட்டு எந்த அளவு வாங்க வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதியும் தந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பாக்யராஜ் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை வந்து நின்றிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. “நாலடி வெச்சேன்” என்றான். “நல்லது, உக்காரு” என்று கையைப் பிடித்து உட்காரவைத்தாள். காசம்மாள் எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தாள். ஸ்டெல்லா தன் டம்ளரைக் குடித்து முடித்துக் கீழே வைத்தாள்.

ஒரு வாய் குடித்த காசம்மாள் முகத்தைச் சுளித்தாள். “சக்கர போட மறந்துட்டனே. நீ எப்படிம்மா குடிச்ச?”

ஸ்டெல்லா காலி டம்ளரைப் பார்த்தாள். “தெரியல அத்தை” என்றாள்.