மத்தியானம் படுத்துக்கொள்ளும் பயிர்

பாரிவாக்கத்தில் ஆயில் இஞ்சின் வைத்திருந்தவர் ராஜசேகரன். யார் கேட்டாலும் இலவசமாகக் கொடுப்பார். கடைத்தெருவில் வளர்ந்த எவனும் இலவசம் என்றால் முதலில் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். பாரிவாக்கத்துக்காரர்கள் விவசாயிகள், அவர்களுக்கு அந்தச் சூது தெரியாது. இஞ்சின் ஓடும் நேரம் முழுக்க ராஜசேகரன் வரப்பில் நின்று அறிவுரை சொல்வார். இஞ்சினில் டீசல் தீர்ந்துவிடும். அவரிடம் தீராது.

அதிகம் மாட்டிக்கொண்டவர் கன்னியப்பன். இருவரும் சகலைகள். அக்காவை ராஜசேகரனும், தங்கை முத்தம்மாளைக் கன்னியப்பனும் கட்டியிருந்தார்கள். கன்னியப்பனின் கிணற்று மோட்டார் எரிந்து இரண்டு வருஷமாகியிருந்தது.

"இன்னா சகல, பல்லு இன்னாத்துல வெளக்குற?"

"நான் தண்ணி பாய்ச்ச வந்தேன், அண்ணாத்தே."

"தண்ணி பாட்டுக்குப் பாயுது. நீ பதில் சொல்லு."

நல்லவேளையாக, இஞ்சின் போடும் 'டுபுடுபு' சத்தத்தில் பாதி அறிவுரை காதில் விழாது. மீதிப் பாதிக்கே கன்னியப்பன் இளைத்துப்போயிருந்தார்.

தொண்ணூற்றிரண்டில் மழைக்குத் தேதி மறந்துபோனது. ஐப்பசியில் எட்டிப்பார்க்காத மழை, கார்த்திகையில் ஒரே நாள் வந்து மொத்தச் சரக்கையும் தலையில் கொட்டிவிட்டுக் கடையை மூடியது. நெல் அழுகியது. கன்னியப்பன் அடுத்து என்ன போடுவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, சர்க்கரைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஜேசுராஜ் என்ற ஆபீசர் ஒரு விதைப் பையோடு வந்து இறங்கினார்.

"இது சர்க்கரை பீட்ரூட்டுங்க. வெள்ளையா இருக்கும். கரும்புக்கு ஆகிற தண்ணியில பாதி போதும், அஞ்சே மாசம். அறுக்கிற அன்னைக்கு ரெண்டு தடவை சாறு எடுத்து இனிப்பு பார்ப்பேன். சராசரி பதினஞ்சு புள்ளி காட்டினா, கம்பெனி செலவுல உங்களுக்குப் புது மோட்டார்."

புது மோட்டார் என்றதும் கன்னியப்பன் காதில் விழுந்தது ராஜசேகரனின் மௌனம். அன்றைக்கே அரை ஏக்கருக்குப் பாத்தி கட்டினார்.

ஜேசுராஜ் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். கடைசி மூன்று வாரம் சொட்டுத் தண்ணீர் காட்டக்கூடாது. தண்ணீர் குடித்தால் கிழங்கு ஊதும், இனிப்பு இறங்கிவிடும். "மத்தியான வெயில்ல இலையெல்லாம் தரையில படுத்துக்கும். பயப்படாதீங்க. சாயந்திரம் அதுவா எந்திரிச்சுக்கும்."

கன்னியப்பன் பயப்படவில்லை. பயந்தது ஊர்.

நிலம் இருந்தது பூந்தமல்லி–ஆவடி சாலை ஓரம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அரை ஏக்கர் பயிரும் பட்டினி கிடப்பதுபோல் சாய்ந்து கிடக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டி, "பாவம்பா, யாரு பெத்த பயிரோ" என்று உச்சுக் கொட்டுவார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் செலின் டீச்சர் தன் வாட்டர் பாட்டிலை ஒரு செடிக்குக் கவிழ்த்தார். அந்தக் கோடையில் மெட்ராஸ் பட்டணமே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. அப்பேர்ப்பட்ட வருஷத்தில், தண்ணீர் லாரி டிரைவர் முனியன் வண்டியை ஓரங்கட்டி, "யோவ், உன் பயிரைப் பாத்தா எனுக்குச் சோறு எறங்கல. ரெண்டு கொடம் ஊத்திக்க" என்று ரப்பர் குழாயை நீட்டினார்.

கன்னியப்பன் கையில் கழியோடு ஓடிவந்தார். "ஊத்தன, காலை ஒடச்சிடுவேன்!"

தண்ணீர் திருடுகிறவனைத் துரத்தும் ஊரில், தண்ணீர் கொடுக்கிறவனைத் துரத்திய ஒரே மனிதர் அவர்தான்.

இரண்டு வாரம் இப்படியே காப்பாற்றிவிட்டார். மூன்றாவது வாரம் திருநின்றவூரில் தன் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். முத்தம்மாளைக் காவலுக்கு வைத்துவிட்டு இரண்டு நாள் போய்வந்தார். திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கினார். மத்தியான வெயில். ஆனால் பயிர் முழுக்க விறைப்பாக நின்று சல்யூட் அடித்தது. பாத்தியெங்கும் சேறு. வரப்பில் இஞ்சின், இஞ்சின் பக்கத்தில் ராஜசேகரன்.

"இன்னா சகல, பயிரைச் சாவ உட்டுட்டுக் விருந்துச் சோறு துன்னப் போய்க்கினியா? நல்ல வேள, நான் கீறேன். ரெண்டு நாளா உடாம பாய்ச்சிட்டேன்."

கன்னியப்பன் முத்தம்மாளைப் பார்த்தார்.

"அக்கா ஊட்டுக்காரரை நா எப்டிக் கழி எடுத்துகினு தொரத்துறது?" என்றாள் அவள்.

மறுநாள் அறுவடை. காலையிலேயே ஜேசுராஜ் வந்தார். ஒரு கிழங்கைப் பிடுங்கி, சீவி, ஒரு சொட்டுச் சாற்றைக் கையடக்கக் குழாய் போன்ற இனிப்பு மீட்டரின் கண்ணாடியில் விட்டு, வெயிலை நோக்கிப் பார்த்தார்.

"பதினொண்ணு."

"இன்னா சார், பழைய இரும்பு வாங்குறவன் மாதிரி அடிமாட்டு வெல சொல்ற? பதினஞ்சா போட்டுக்க."

"மீட்டர்ல பேரம் கிடையாதுங்க."

"பதினாலரை?"

"பதினொண்ணு."

"சரி, உனுக்கும் வாணாம், எனுக்கும் வாணாம். பதிமூணு."

ஜேசுராஜ் நோட்டில் பதினொன்று என்று எழுதினார். நாலு கிழங்கைத் தானே பொறுக்கிப் பிடுங்கி முத்தம்மாளிடம் கொடுத்தார். "இது ரெண்டாவது சாம்பிள். கழுவி நறுக்கி வைங்கம்மா, சாப்பிட்டதும் பார்த்துடறேன்."

மத்தியானம் வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு. ஜேசுராஜ் மூன்று முறை சோறு வாங்கினார். பிறகு நாற்காலியில் சாய்ந்தவர், பயிர் போலவே படுத்துவிட்டார். கன்னியப்பன் அவருக்கு எதிரே உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கான அறிவுரையை மனதுக்குள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தார்.

கொல்லையில் முத்தம்மாள் கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ராஜசேகரன்.

"இன்னாம்மே இவ்ளோ மொத்தமா அரியற? மெல்லிசா அரி. கத்திரி வெயில் வீணாப் போவுது பாரு, பாயில பரப்பு. அப்பப்போ பொரட்டி உடு."

வத்தல் போடும் மாசம். அரிந்ததைப் பாயில் பரப்பிக் காக்காயை விரட்டக் குடையின் கறுப்புத் துணியைக் கட்டிவைப்பது அவள் கைகளுக்குத் தானாக வரும். மாமா சொன்னபடியே புரட்டியும் விட்டாள்.

மூன்று மணிக்கு ஜேசுராஜ் கண் விழித்தார். ஒரு வில்லையைப் பிழிய நாலு பேர் பலம் வேண்டியிருந்தது. ஒரு சொட்டு வந்தது. வெயிலை நோக்கிப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இருபது!"

கன்னியப்பன் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார். கேட்டதற்கு மேல் கிடைத்தால் எங்கேயோ ஏமாற்று இருக்கிறது என்று பொருள். "அவ்ளோ வாணாம் சார். பத்தொம்போதா போட்டுக்க."

"மீட்டர்ல பேரம் கிடையாதுன்னேனே." ஜேசுராஜ் வில்லையை வளைத்துப் பார்த்தார். அது முறிந்தது. "ஏம்மா, இது காய்ஞ்ச மாதிரி இல்ல?"

"நீங்க தூங்கி எந்திரிக்கற வரைக்கும் அதுவும் வெயில்லதானே சார் கெடந்துச்சு?"

தூங்கியதை நோட்டில் எழுத முடியாது. ஜேசுராஜ் இருபது என்று எழுதினார். பதினொன்றும் இருபதும் முப்பத்தொன்று. சராசரி பதினைந்தரை.

அடுத்த மாசம் மோட்டார் வந்து கிணற்றில் இறங்கியது. கன்னியப்பன் சுவிட்சைப் போட்டார். புகையில்லை, 'டுபுடுபு' இல்லை. தண்ணீர் மட்டும் வழவழவென்று வாய்க்காலில் ஓடியது. ஆஹா என்று கண்ணை மூடினார்.

"யாரு சொன்ன யோசனைல வந்த மோட்டாரு?" என்று ஒரு குரல் கேட்டது.

வரப்பில் ராஜசேகரன் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டிருந்தார். மோட்டார் பூனை போல ஓடியது. இரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாகக் காதில் விழுந்தது.

"அத்த உடு. பல்லு இன்னாத்துல வெளக்குறன்னு நீ இன்னும் சொல்லவே இல்லியே, சகல."