இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு விலாசம்

நுவரெலியாவில் நடந்த நேர்முகப் பரீட்சையில் ஜீவராணியிடம் முதலில் கேட்கப்பட்டது படிப்பைப் பற்றியல்ல. நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி அவளுடைய விண்ணப்பத்தையும், கிராம சேவகர் கொடுத்த அத்தாட்சிப் பத்திரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஒன்றில் லிந்துலை டவுனில் ஒரு வீட்டு இலக்கம். மற்றதில் தோட்டத்தின் பெயர்.

"இது யாரோட வீடு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான் வேலை செய்ற தையல் கடை அக்காவோடது, சேர். றோசலின் அக்கா."

"அப்ப நீங்க இருக்கிறது?"

"தோட்டத்துல, சேர். லயத்துல."

"தோட்டம்னு எழுத வெக்கமா?"

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "எழுதினா பேப்பர்ல தேயிலை வாசம் அடிக்கும்னு நெனைச்சிருப்பாங்க."

வெட்கமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் தாதியர் பயிற்சிக்கு வரச்சொன்ன கடிதம் தோட்டத்து ஆபீசில் பதினேழு நாள் கிடந்தது. அந்தத் தோட்டப் பிரிவில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. வரிசை வீடுகளான லயத்துக்கும் இலக்கமில்லை, அதிலுள்ள வீட்டுக்கும் இலக்கமில்லை. எல்லாருக்கும் விலாசம் தோட்டத்தின் பெயர்தான். தபால்காரர் கடிதக் கட்டை ஆபீசில் போட்டுவிட்டுப் போய்விடுவார். கிளாக்கர், மனம் வந்த அன்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். இதையெல்லாம் சொல்லத்தான் நினைத்தாள். வாயில் வந்தது ஒரு வசனம்:

"அங்க கடிதம் பிந்தித்தான் கெடைக்கும், சேர்."

அதிகாரி டவுன் விலாசத்தைக் குறுக்கே வெட்டிவிட்டு, தோட்டத்தின் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். "புள்ளி நல்லா இருக்கு. முடிவை உண்மையான விலாசத்துக்கு அனுப்புவோம். போன் பண்ணிக் கேக்க வேணாம்."

அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக, லிகிதராக, இருக்கும் வேலை அது. கிடைத்தால் மாதச் சம்பளம், பென்ஷன், டவுனில் ஒரு வாடகை அறை. அம்மா இல்லாத வீட்டில் அப்பாவும் மகளும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசினால் கலைந்துவிடும் என்பதுபோல் இருந்தார்கள்.

ஜீவராணி விடிவதற்குள் முதல் பஸ்ஸில் கடைக்குப் போகிறவள். அப்பா ஆண்டியப்பனுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை, பெரட்டுக்கு நிற்பதில்லை. அதனால் தினமும் மாலையில் ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றார்.

"ஐயா, மகளுக்கு ஏதும் கடுதாசி..."

"வந்தா நானா திங்கப்போறேன்? போ, போ."

ஐந்தாவது வாரம் கிளாக்கர் எரிந்து விழுந்தார். "ஜீவராணிதானே? அது எப்பவோ குடுத்தாச்சு. பெரட்டுல கூப்பிட்டேன், ஒரு பொம்பள கைய நீட்டுச்சு, குடுத்தேன். இருநூறு வீட்டு மூஞ்சியையும் நான் மனப்பாடம் பண்ணணுமா?"

அந்தப் பெயரில் தோட்டத்தில் இன்னொருத்தி உண்டு. கீழ்லயத்து வீரம்மாவின் மகள். ஆறு வருஷமாகக் கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை. அப்பா சொல்லி முடிப்பதற்குள் ஜீவராணி செருப்பில்லாமல் இறங்கி ஓடினாள்.

"ஆமா புள்ள, இருக்கு," என்றாள் வீரம்மா. "சிங்களத்துல என்னமோ போட்டிருக்கு. கவுருமெண்டு முத்திரை. பயந்து யாருக்கிட்டயும் காட்டல. தீவாளிக்கு அவ வந்து பிரிக்கட்டும்னு வச்சிருக்கேன்."

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். மூலை மடங்காத உறை. அதன் மேல் குங்குமப் பொட்டு ஒன்று.

ஜீவராணி பிரித்தாள். பதினோராம் திகதி காலை எட்டரைக்குக் கடமையேற்க வரவேண்டும். தவறினால் நியமனம் ரத்தாகி அடுத்தவருக்குப் போகும். அன்று இருபத்தாறாம் திகதி.

"என்னடி போட்டிருக்கு?"

"வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க, பெரியம்மா. ஆபீஸ் வேலை."

வீரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "எம் புள்ளைக்கா? பத்தாவதுதானே படிச்சா! அந்த வீட்டுல அவளுக்குத் தனிக் கோப்பையாம், தனிப் பாயாம், சொல்லிச் சொல்லி அழுவா. இரு, இப்பவே விட்டுட்டு வரச் சொல்றேன்." போனைத் தேடிக் கை அலைந்தது.

ஜீவராணி அந்தக் கையைப் பிடித்தாள். "இது எனக்கு வந்தது, பெரியம்மா."

வீரம்மாவுக்கு விளங்கச் சற்று நேரமெடுத்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீயும் எம் புள்ளதான். எப்பப் போகணும்?" என்று கேட்டாள்.

"பதினஞ்சு நாளைக்கு முந்திப் போயிருக்கணும்."

வீரம்மா உறையை வாங்கினாள். மேலிருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள். கறை போகவில்லை. எச்சில் தொட்டு மறுபடியும் துடைத்தாள்.

"சாமிகிட்டதானேடி வச்சேன்," என்றாள்.