எச்சில் விரல்

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். வாய் ஓயாத மனிதர். வீட்டிலும் "உள்ள போ, உள்ள போ, நடுவுல எவ்வளவு இடம் கெடக்கு பாரு" என்றுதான் என்னைச் சமையலறைக்குள் தள்ளுவார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. அந்தப் பேச்சுக்காகத்தான் பிறகு ஒன்பது நாள் ஏங்கிக் கிடந்தேன். அதுவும் ஒரே வீட்டில், ஒரு கதவுக்கு இந்தப் பக்கம்.

அவர் பஸ்ஸில் வந்த ஒருவருக்குத் தொற்றுநோய் என்று தெரிந்ததும், இவரைப் பதினான்கு நாள் தனியாக இருக்கச் சொன்னார்கள். குளியலறையோடு சேர்ந்த பின்னறையில் புகுந்துகொண்டார். முதல் வாரம் கலகலப்பாகத்தான் போனது. அறை வாசலில் ஸ்டூல் போட்டுத் தட்டை வைப்பேன். நான் கூடத்தின் மறுகோடிக்குப் போனதும் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வார். "ஓட்டல் பரவாயில்ல, சர்வர்தான் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கா" என்பார் உள்ளிருந்து.

ஒன்பதாம் நாள் டிரைவர் போன் செய்தார். முதல் சீட்டில் தினமும் வரும் டீச்சரம்மா அதே நோயில் இறந்துவிட்டாராம். அதோடு மனிதர் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்.

விஷயம் எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. டிக்கெட் கட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டாகக் கிழிக்க விரலை நாக்கில் தொட்டுக்கொள்வது அவர் பழக்கம். இருபத்திரண்டு வருடப் பழக்கம். வீட்டில் பேப்பர் புரட்டவும் அப்படித்தான், நான் தலையில் அடித்துக்கொள்வேன். அந்த எச்சில்தான் டீச்சரம்மாவைக் கொன்றது என்று அவர் மனதில் ஊன்றிவிட்டது.

"உங்களுக்கு ரெண்டு தடவை டெஸ்ட் எடுத்தாச்சு. ரெண்டு தடவையும் ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு. உங்ககிட்ட இல்லாத நோயை நீங்க எப்படிங்க அவங்களுக்குக் குடுப்பீங்க?"

"மெஷினுக்கு என்ன தெரியும்" என்றார்.

பதினான்காம் நாள் சுகாதார ஊழியர் வந்து, தெருக்கதவில் ஒட்டியிருந்த தனிமை அறிவிப்புத் தாளைக் கிழித்துக்கொண்டு போனார். இவர் வெளியே வரவில்லை. உள்ளே குழாய்ச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. கை கழுவுகிறார், திரும்பக் கழுவுகிறார். தட்டுக்குக் கை நீளும்போது பார்த்தேன், விரலெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடிய நெற்றியிலேயே கிடக்கும் கை அது. என்மேல் பட்டு எத்தனை நாளாயிற்று! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆணியில் தொங்கிய அவர் யூனிஃபார்ம் சட்டையை, அவர் வாசனை போய்விடுமே என்று, துவைக்கவே எனக்கு மனசு வரவில்லை.

பதினெட்டாம் நாள் மத்தியானம் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. தட்டை ஸ்டூலில் வைத்தேன். ஆனால் நகரவில்லை, சுவர் ஓரமாக நின்றுகொண்டேன். கதவு திறந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"ஏய், வராத! தள்ளிப் போ!" சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"பஸ்ஸுல நூறு பேர அடைக்கிறவருக்கு ஒரு ஆளுக்கு இடமில்லையா?"

அவர் சிரிக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன். "எனக்குப் பசிக்குது. ஊட்டி விடுங்க."

"இந்தக் கையாலயா?"

"பின்ன, பக்கத்து வீட்டுல போய் கை கடன் வாங்கிட்டு வரவா?"

போய் இன்னொரு தரம் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு எதிரே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து உருட்டி என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அப்போது என் தலை பின்னால் போனது. நானாகச் செய்யவில்லை, சத்தியமாகச் செய்யவில்லை. ஒரு விரற்கடைகூட இருக்காது. ஆனால் போனது.

அவர் பார்த்துவிட்டார்.

"பாத்தியா" என்றார். குரலில் கோபமே இல்லை. கையை இறக்கினார். "உனக்கே தெரியுது."

இத்தனை நாளும் அவருக்குத்தான் கிறுக்கு என்று நினைத்திருந்தேன். அதே பயம் எனக்குள்ளும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்கு என்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"ஆமா, பயமாத்தான் இருக்கு" என்றேன். "இருந்துட்டுப் போகட்டும். நீங்க இப்படி உள்ளயே இருக்கறது எனக்கு அதைவிடப் பயமா இருக்கு."

இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அந்தக் கவளத்தை வாங்கிக்கொண்டேன். அவர் கையை உருவப் பார்த்தார், நான் விடவில்லை. அழுதுகொண்டே மென்று விழுங்கினேன்.

"இன்னொரு வாய்" என்றேன்.

உருட்டினார். என் தலை மறுபடியும் பின்னால் போகத்தான் பார்த்தது. வாயைத் திறந்தேன்.