பின்னறைக்காக ஒரு ஹெலிகாப்டர்

இது நடந்தது கணவன், மனைவி, கணவனின் தம்பி என அவர்கள் மூவரும் குடிவந்த வாரத்திலா, அதற்கடுத்த வாரத்திலா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கூடத்தில் அட்டைப் பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடந்ததாக ஞாபகம். யார் முதலில் சிரித்தது என்பதிலும் சந்தேகம் உண்டு. சண்டை எதற்காக என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. பின்னறைக்காகத்தான்.

புதிய வீட்டில் படுக்கையறை இரண்டு. முன்னறைக்கு நேர் கீழே ஒரு பட்டறை. நசுங்கிய கார் கதவுகளைக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை சுத்தியலால் தட்டி நிமிர்த்துவார்கள். பின்னறைக்கு வெளியே ஒரு சுவரும் தண்ணீர்த் தொட்டியும் மட்டுமே. அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். இரவு வேலை, பகல் தூக்கம். குடிவந்த நாளிலிருந்து கண்ணோடு கண் மூடவில்லை. அவள் கொழுந்தனோ சலூன்காரன். புதிதாகப் பெண் நிச்சயமாகியிருந்தது. முன்னறையில் நின்று போனில் பேசினால், அந்தப் பெண் சொல்வதில் பாதியைச் சுத்தியல் தின்றுவிடுகிறது என்பது அவன் கட்சி.

அவள் கணவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். இடி விழுந்தாலும் குறட்டை விடக்கூடியவன் என்பதால் அவனுக்கு எந்த அறையும் ஒன்றுதான். "ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு எனக்கு ஒரு பாய் விரிக்க இடம் காட்டுங்க," என்றான்.

"ஹெலிகாப்டர்ல பாத்துக்கலாமா அண்ணி?" என்று கொழுந்தன் கேட்டான்.

அவன் கணக்கு அவளுக்குப் புரியாமல் இல்லை. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் ஒரு பழைய விளையாட்டு அது. ஹெலிகாப்டரில் பெட்டிகளைக் கட்டித் தூக்கி, மொட்டை மாடிகளில் இறக்க வேண்டும். அதில் அவள் ஒருநாளும் ஜெயித்ததில்லை. வேலையில் லீவரைத் தன் பக்கம் இழுத்தால் கொக்கி மேலே போகும். விளையாட்டில் கன்ட்ரோலரின் குச்சியை முன்னால் தள்ளினால்தான் ஹெலிகாப்டர் மேலே போகும். அவள் கை பழக்கதோஷத்தில் இழுக்கும். ஹெலிகாப்டர் தலைகுப்புறப் போய்க் கடலில் விழும்.

"நாள் பூரா பெட்டி தூக்குறவங்க நீங்க. ஒரு பெட்டிகூட உருப்படியா கரை சேர மாட்டேங்குதே," என்று அவன் எத்தனை முறை சொல்லியிருப்பான்.

"ஆடலாம். ஆனா பட்டனையெல்லாம் என் கைக்குத் தக்கபடி மாத்திக்குவேன். சம்மதமா?"

"தாராளமா மாத்திக்கோங்க. வேணும்னா கிரேனையே கொண்டு வந்து வீட்டுக்குள்ள நிறுத்துங்க."

கன்ட்ரோலரின் எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று மாற்றித்தரும் மென்பொருள் ஒன்று இருந்தது. அதை இறக்கிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். மேலே போக எதை அசைப்பாய் என்று அது கேட்டது. குச்சியைத் தன் பக்கம் இழுத்துக் காட்டினாள். கீழே போக? தள்ளிக் காட்டினாள். ஆனால் விளையாட்டைத் திறந்ததும் ஹெலிகாப்டர் குளிர்காய்ச்சல் வந்தது போல நின்ற இடத்திலேயே நடுங்கியது. கன்ட்ரோலர் சொல்வதையும் கேட்டு, மென்பொருள் சொல்வதையும் கேட்டு, ஒரே நேரத்தில் மேலேயும் கீழேயும் போகப் பார்த்தது.

"ரெண்டு மாமியாருக்கு நடுவுல மாட்டின மருமக மாதிரி இருக்குது," என்றான் கணவன்.

அங்கேதான் அவளுக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. தூக்கமில்லாத சிரிப்பு; அடக்க அடக்க வழிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். வரிசையாகக் கட்டங்கள். கிரேனில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தால்தான் கொக்கி அசையும். ஒன்று அணைந்திருந்தாலும் வேலை நடக்காது. அந்தப் பழக்கத்தில் மேலிருந்து கீழ்வரை எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டாள். கன்ட்ரோலர் நேராகப் பேசுவதைத் தடுக்கும் கட்டமும் அதில் ஒன்று போலிருக்கிறது, நடுக்கம் நின்றது.

மூன்று ஆட்டம். இரண்டு ஜெயித்தவருக்குப் பின்னறை.

முதல் ஆட்டத்தில் அவள் இழுத்தாள். ஹெலிகாப்டர் பறவை போல எழும்பியது. பெட்டிகள் மாடி மாடியாகப் போய் அமர்ந்தன. பக்கத்துப் பாதித்திரையில் கொழுந்தனின் ஹெலிகாப்டர் கடலுக்குள் போனது. மறுபடி எழுந்து மறுபடி போனது.

"என்னடா, மீன் பிடிக்கிறியா?" என்றான் அண்ணன்.

"கை ஒரு மாதிரி இருக்குண்ணே. காலைல நாலு தாடி எடுத்தேன்ல."

அவள் தரையில் புரண்டு சிரித்தாள். பின்னறைச் சுவர் கண்ணுக்குள் வந்து நின்றது. எவ்வளவு அழகான சுவர்.

இரண்டாவது ஆட்டத்தில் அவன் பேச்சை நிறுத்தினான். தத்தித் தடுமாறி, பிறகு சரளமாகி, ஒரு பெட்டி வித்தியாசத்தில் ஜெயித்தே விட்டான். "கண்ணாடியைப் பாத்தே கத்திரி பிடிக்கிறவன் நான். எல்லாம் எதிர்ப்பக்கம் போனாலும் புத்தி தானா திரும்பிக்கும்," என்றான்.

எதிர்ப்பக்கமா? அவளுக்குச் சுருக்கென்றது. மென்பொருளைத் திறந்து பார்த்தாள். கடைசிக் கட்டம்: இணைத்திருக்கும் எல்லாக் கன்ட்ரோலருக்கும். அதிலும் அவள் டிக்.

சிரிப்பு நின்றது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? கீழே சுத்தியல் தட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, உன்னோடதையும் கிரேனா மாத்தி வெச்சிருக்கேன். தெரியாம நடந்துபோச்சு. பழையபடி ஆக்கித் தரேன், மொதல்லேருந்து ஆடலாம்."

அவன் திரையைப் பார்த்தான், கன்ட்ரோலரைப் பார்த்தான். பிறகு வீராப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தான். "தொடாதீங்க அண்ணி. இப்பதான் கை படிஞ்சிருக்கு. உங்க கிரேன்லயே உங்கள ஜெயிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லணும் நான்."

"அப்புறம் அழக்கூடாது, கொழுந்தனாரே."

"அழறது யாருன்னு பாப்போம்."

மூன்றாவது ஆட்டத்தில் இருவரும் சரிக்குச் சரி. மூவருமே கத்திக்கொண்டிருந்தார்கள், அவளுக்குச் சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது. இருவருக்கும் கடைசிப் பெட்டி மிச்சம். அவன் ஒரு முழம் முன்னால் இருந்தான். அப்போது காற்று அடித்து அவன் பெட்டி சுவரில் இடிக்கப் போனது. பயத்தில் அவன் கை, கற்றதை மறந்து, பழைய புத்திக்குப் போனது. குச்சியை முழு மூச்சாய் முன்னால் தள்ளினான். பெட்டியும் ஹெலிகாப்டரும் சேர்ந்து தெருவில் விழுந்தன. அதே காற்று அவளுடையதையும் ஆட்டியது. அவள் யோசிக்கவில்லை. ஒவ்வோர் இரவும் இழுப்பது போல இழுத்தாள். பெட்டி மாடியில் உட்கார்ந்தது.

கொழுந்தன் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். "மாத்தித் தரேன்னு சொன்னீங்கல்ல. எனக்குத்தான் கொழுப்பு," என்று சொல்லிவிட்டு, அவனே போய் அவளுடைய மெத்தையைப் பின்னறைக்கு இழுத்தான்.

அன்று வேலைக்குக் கிளம்பும்வரை அவள் தூங்கினாள். கணவன் இன்னும் வேன் ஓட்டுகிறான். கொழுந்தன் மறு வருடம் கல்யாணமாகி, சலூனுக்குப் பின்னால் தனிக்குடித்தனம் போனான். அந்தப் பெண் அவனை எல்லா விளையாட்டிலும் தோற்கடிக்கிறாளாம். முன்னறையில் இப்போது யாரும் படுப்பதில்லை, துணி காயப்போடுகிறார்கள்.