வாத்தியார் தேர்ந்தெடுத்த தடிப் புத்தகம்

சாந்தோமில் பிரகாசம் வாத்தியாரின் அறையில் வைத்த வஞ்சிர மீன் யுத்தம் முடிகிறவரை கெடவில்லை. ஐஸ் கிடையாது, உப்பும் போடவில்லை. வாத்தியார் அங்கே உட்கார்ந்து பொதுச் சார்பியல் படித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அவருக்கு காலேஜில் கணக்கு வாத்தியார் வேலை. மனைவி லூயிசா பெண்கள் பள்ளியில் அதே கணக்கைச் சொல்லிக்கொடுத்தாள். ஈர்ப்பைப் பற்றிய இந்தப் புதுப் பாடத்தைச் சேர்ந்து படிப்பதாகக் கல்யாணத்தின்போதே பேச்சு. நாற்பத்திரண்டு பிப்ரவரியில் லஸ் பக்கம் பழைய புத்தகக் கடைக்குப் போனார்கள். இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒல்லியானது விஷயத்தை முதலில் சொல்லிவிட்டுக் கணக்குக்குப் போனது. தடியானதோ கணக்கு முழுவதையும் கரைத்துக் குடித்தவனுக்குத்தான் கடைசியில் விஷயத்தையே சொல்லும். லூயிசா ஒல்லியானதை எடுத்தாள். “அது பொம்பளைங்க பொழுதுபோக்கப் புரட்டுறது” என்று கடைக்காரன் எதிரிலேயே சிரித்தார் பிரகாசம். அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் அதையும் வாங்கிக்கொண்டாள். தடிப் புத்தகத்தை ரிக்‌ஷாவில் ஏற்ற இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது.

வீட்டில் காப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு, “முதல்ல இதைச் சேர்ந்து படிக்கலாம், வாங்க” என்று கதவிலிருந்து கூப்பிட்டாள். அவர் தடிப் புத்தகத்தைத் திறந்தபடியே, “ஒரு நிமிஷம், லூயிசா” என்றார். ‘ஒரு’ என்று சாம்பல் புதனன்று ஆரம்பித்தவர் ‘லூயிசா’ என்று முடித்தபோது ஈஸ்டர் வந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் தீர்வதற்குள் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணமே காலியானது, லூயிசா தனியாகக் கிடந்து ஐவியைப் பெற்றாள், அடையாறு பெருகி வடிந்தது. அவள் போட்ட கூப்பாடெல்லாம் அவர் காதில் கொசுவாக விழுந்திருக்க வேண்டும். விரட்டத் தூக்கிய கை காதுக்குப் போய்ச்சேர ஆடி மாதம் ஆனது.

அறையின் உபயோகத்தை முதலில் கண்டுகொண்டவள் மீன்காரி முனியம்மாள். வாசலில் நின்றே மூங்கில் கழியால் கூடையை உள்ளே தள்ளுவாள், கழியாலேயே இழுப்பாள். ஒருதரம் அவசரத்தில் காலை உள்ளே வைத்துவிட்டாள். திரும்பி வந்தபோது மகள் கல்யாணமே முடிந்திருந்தது. அதற்கப்புறம் தெருவே கழியோடு வந்தது. பால், மல்லிகைப்பூ, சர்ச்சுக்கான லில்லி எல்லாம் வாத்தியாரின் காலடியில் புதுசாகவே இருந்தன.

ஐவிக்குப் பால் கொடுத்தபடியே லூயிசா ஒல்லிப் புத்தகத்தை வாசித்தாள். கனமான பொருளின் பக்கத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும் என்று அதில் மூன்றாம் அத்தியாயத்திலேயே இருந்தது. அவர் கையிலிருந்ததிலும் இருந்தது, கடைசியில். அன்று அவளுக்கு வயிறு எரிந்தது. போய்த் தோளைத் தொட்டு இழுத்து வரலாம்தான். போய்த் திரும்புவதற்குள் ஐவி தாயில்லாப் பிள்ளையாக வளர்ந்துவிடுவாள். லூயிசா போகவில்லை.

நாற்பத்தொன்பதில் பிரகாசம் முதல் பக்கத்தை முடித்து, புத்தகத்தை மூடிவிட்டு, ஆவி பறக்கும் காப்பியோடு வெளியே வந்தார்.

“நீ சொன்னதுதான் சரி, லூயிசா. ஒல்லியானதையே முதல்ல சேர்ந்து படிப்போம்.”

“நான் அதை முடிச்சு நாலு வருஷமாச்சுங்க.”

அவர் சிரித்தார். பிறகு அவள் காதோர நரையையும், அவள் பின்னால் ஒளிந்து எட்டிப்பார்த்த பெண்ணையும் பார்த்தார். யார் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் முனியம்மாள் வாசலில் நின்று கத்தினாள். “இன்னாம்மா, மீனெல்லாம் நாறிப்போய்க் கீது? வாத்தியாரு பொஸ்தகத்த மூடிட்டாரா?” அவள் பின்னால் தெருவே கழியோடு நின்றது. பிரகாசம் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“ஐவிக்கு வெச்ச பாலும் திரிஞ்சு போச்சுங்க” என்றாள் லூயிசா. “உள்ள போய் ரெண்டாம் பக்கத்தைத் திறங்க.”

அவர் போய் உட்கார்ந்தார். முனியம்மாள் புதுக் கூடையைக் கழியால் உள்ளே தள்ளினாள்.